பெண்ணையாற்று மணலில் ஒரு டேனிஷ் பாடம்

திருவண்ணாமலையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மணலூர்பேட்டை. ஊர் வரப்போகிறது என்று கண்டக்டர் சொல்லவே வேண்டாம். தென்பெண்ணைப் பாலத்தில் வண்டி ஏறியதும் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறை ஆற்றை எட்டிப் பார்ப்பார்கள். தை 5-ம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருவது இங்கேதான். அன்றைக்குக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. நான் போனது ஆடியில். ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் தெரிந்தது.

என் சித்தி மகனைப் பார்க்கத்தான் போனேன். இன்ஜினீயரிங் முடித்தவன். டென்மார்க்கில் மாஸ்டர்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விசா வந்ததும் ஆகஸ்ட் கடைசியில் கிளம்ப வேண்டும். ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் அங்கே கல்விக் கட்டணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்பதால், வீட்டுப் பத்திரம் பேங்க்கில் இருக்கிறது.

வாசல் திண்ணையில் உட்கார்ந்து போனைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஆயா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"என்னாடா பாஷை அது?"

"டேனிஷ், ஆயா."

"டேனிஸா? நம்ம திருக்கோலூரு டேனிஸ் மிஷனா?"

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய எல்லோருக்கும் டேனிஷ் புது வார்த்தை. பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஆயாவுக்கு மட்டும் அது பழைய வார்த்தை.

போர்டில் இருக்கும் நாடு

மறுநாள் ஜெராக்ஸ், அட்டெஸ்டேஷன் வேலையாக இருவரும் திருக்கோவிலூர் போனோம். பைக்கில் அரை மணி நேரம். உலகளந்த பெருமாள் கோயில் ராஜகோபுரம் தூரத்திலேயே தெரிந்தது. ஊருக்குள் டேனிஷ் மிஷன் என்ற பெயர் பள்ளிக்கு இருக்கிறது, மருத்துவமனைக்கு இருக்கிறது. திருவண்ணாமலையிலும் டேனிஷ் மிஷன் பள்ளி உண்டு. இந்தப் பக்கத்தில் பிள்ளைகளை "டேனிஷ்ல படிக்கிறான்" என்று சொல்வார்கள். அந்த டேனிஷ் ஒரு நாட்டின் பெயர், ஒரு மொழியின் பெயர் என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை.

கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் அங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1706-ல் டேனிஷ் மன்னர் அனுப்பி வந்த ஜெர்மானியரான சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டும் முடித்தார். 1845-ல் தரங்கம்பாடி ஆங்கிலேயர்களுக்கு விற்கப்பட்டது.

வியாபாரம் போய்விட்டது. ஆனால் 1860-களில் இருந்து டேனிஷ் மிஷன் பழைய தென்ஆற்காடு மாவட்டத்தில் வேலையைத் தொடங்கியது. அப்படி வந்தவர்களில் ஒருவர் எஸ்தர் ஃபேரிங். 1916-ல் இந்தியாவுக்கு வந்த இளம்பெண். தமிழ் படித்தார். திருக்கோவிலூரில் பணி. 1917-ல் காந்தியின் ஆசிரமத்துக்குப் போய் அவரைப் பார்த்தார். அதன் பிறகு காந்தி அவருக்கு "என் அன்புக் குழந்தை" என்று விளித்து எழுதிய கடிதங்கள் பின்னாளில் புத்தகமாகவே வந்தன. ஆசிரமத்துக்கு அவரோடு போன இன்னொரு டேனிஷ் பெண் ஆன் மேரி பீட்டர்சன். பரங்கிப்பேட்டையில் அவர் தொடங்கிய சேவா மந்திர் பள்ளிக்கு 1921-ல் காந்தி அடிக்கல் நாட்டினார்.

பள்ளி போர்டைப் பார்த்தபடி இதையெல்லாம் சொன்னேன். தம்பி கேட்டான்: "அவங்க தமிழ் கத்துக்கலன்னா என்ன ஆகியிருக்கும்?" அவனே பதிலும் சொன்னான்: "ஒண்ணும் ஆகியிருக்காது. துபாஷியை வெச்சுப் பேசியிருப்பாங்க. ஆனா ஆயாவுக்குப் பேரு தெரிஞ்சிருக்காது."

ஆங்கிலம் போதாதா?

போதும், போதாது. இரண்டும் உண்மை.

டேனிஷ் பேசுகிறவர்கள் உலகில் சுமார் 60 லட்சம் பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் நல்ல ஆங்கிலம் பேசுவார்கள். தம்பி சேர்ந்திருக்கும் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான். ஐ.டி., இன்ஜினீயரிங் கம்பெனிகள் பலவற்றில் அலுவலக மொழியும் ஆங்கிலம். முதல் மாதம் யாருக்கும் டேனிஷ் தேவைப்படாது.

தேவை பிறகுதான் வரும். இப்போதைய விதிப்படி இவனைப் போன்ற மாணவர்கள் மாதம் 90 மணி நேரம் வேலை செய்யலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முழு நேரமும் செய்யலாம். ஆனால் கடை, கஃபே, முதியோர் பராமரிப்பு என்று ஆட்களிடம் பேச வேண்டிய வேலை என்றால் பெரும்பாலும் டேனிஷ் கேட்பார்கள். வீட்டுப் பத்திரத்தை மீட்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அங்கேயே தங்க நினைத்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு 'டேனிஷ் 2' தேர்வு. குடியுரிமைக்கு 'டேனிஷ் 3'. டாக்டரோ நர்ஸோ ஆகப் போகிறவர்களுக்கு டேனிஷ் இல்லாமல் வேலையே இல்லை.

போனபின் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. உள்ளாட்சிகள் மூலம் நடக்கும் மொழி மையங்களில், நம் முந்தைய படிப்பைப் பொறுத்து மூன்று பிரிவுகளாகப் பாடம் நடத்துகிறார்கள். பட்டம் படித்தவர்கள் பெரும்பாலும் வேகமான மூன்றாம் பிரிவில் சேருவார்கள். ஆனால், நாம் தட்டுத்தடுமாறி டேனிஷில் ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் உதவி செய்வதாக நினைத்து ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அங்கே போனவர்கள் எல்லோரும் சொல்லும் புகார் இது. "பரவாயில்லை, டேனிஷிலேயே பேசுங்கள்" என்ற வாக்கியத்தைத்தான் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும்!

மோர் என்றால் அம்மா

சாயங்காலம் ஆற்று மணலில் உட்கார்ந்தோம். ஆயாவும் கூட வந்தார்.

டேனிஷில் 29 எழுத்துகள். ஆங்கிலத்தின் 26-க்குப் பிறகு மூன்று கூடுதல். அதில் கடைசி எழுத்தை மணலில் எழுதிக் காட்டினான். ரோமன் 'ஏ', தலைக்கு மேல் குட்டியாக ஒரு வட்டம். உச்சரிப்பு கிட்டத்தட்ட 'ஓ'. அந்த ஓர் எழுத்தே ஒரு வார்த்தையும்கூட. அர்த்தம், சிற்றாறு. நம்மிடம் தீ, பூ, கை இருப்பதுபோல அவர்களிடமும் ஓரெழுத்து வார்த்தைகள் உண்டு.

உறவுமுறைதான் எனக்கு ஆச்சரியம். ஆங்கிலத்தில் எல்லோரும் அங்கிள், ஆன்ட்டி. டேனிஷில் அப்படி இல்லை. 'மோர்' அம்மா, 'ஃபார்' அப்பா, 'ப்ரோர்' சகோதரன். தாய்மாமன் 'மோர்ப்ரோர்', அப்பாவின் சகோதரர் 'ஃபார்ப்ரோர்'. அம்மாவின் சகோதரி 'மோஸ்டர்', அத்தை 'ஃபாஸ்டர்'. அம்மாவைப் பெற்றவள் 'மோர்மோர்'.

"என்னைய மோருங்கிறானா?" என்றார் ஆயா.

"ரெண்டு மோர், ஆயா."

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எண்கள்தான் பெரிய தலைவலி. 25 என்பதை 'ஐந்தும் இருபதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள். 60 என்றால் 'த்ரெஸ்', மூன்று இருபது என்ற பொருளில். 50 'ஹால்த்ரெஸ்', அதாவது இரண்டரை இருபது. கடையில் காசு கேட்டால் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் புரியும். "இது என்ன கிறுக்குத்தனம்" என்றேன். "நம்மகிட்ட மட்டும் என்ன? எழுபது, எண்பதுக்கு அப்புறம் தொண்ணூறு எங்கேயிருந்து வந்துச்சு?" என்று தம்பி கேட்டான். பதில் இல்லை.

அங்கே வாத்தியாரையும் பெயர் சொல்லி 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும் என்றதும் ஆயாவின் சிரிப்பு நின்றது. "வாத்தியாரையுமா?" மரியாதைக்கு ஒரு 'நீங்கள்' அந்த மொழியில் இருந்தாலும் இன்று பேச்சில் அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. இலக்கணத்தைவிட இதைப் பழகுவதுதான் நமக்குக் கஷ்டம்.

நமக்கு முன்னால் போனவர்கள்

டென்மார்க்கில் தமிழ் புதிதல்ல. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து உயிர் தப்பிப் போனவர்கள் ஹெர்னிங் போன்ற ஜட்லாண்ட் ஊர்களில் குடியேறினார்கள். இலங்கையில் காத்திருந்த அவர்களின் மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பங்களை 1980-களின் கடைசியில் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் சட்டத்துக்கு விரோதமாக நிறுத்திவைத்தார். அந்த 'தமிழர் வழக்கு' வெடித்து, 1993 ஜனவரியில் பிரதமர் பௌல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995-ல் அமைச்சருக்குத் தண்டனையும் கிடைத்தது.

அவர்கள் மொழி கற்றது ஸ்காலர்ஷிப்புக்காக அல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் சொல்ல, வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள. இன்று பிராண்டேயில் அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது. வீட்டில் தமிழும் வெளியே டேனிஷும் பேசும் இரண்டாம் தலைமுறை வளர்ந்து நிற்கிறது.

சாப்பிட்டியா?

இருட்டத் தொடங்கியதும் எழுந்தோம். மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே ஆயா கேட்டார்: "சாப்டியான்னு அதுல எப்படிடா கேப்பாங்க?"

தம்பி போனைப் பார்த்துச் சொன்னான்: "ஹார் டு ஸ்பிஸ்ட்."

ஆயா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். 'ஸ்பிஸ்ட்' வரவில்லை. விட்டுவிட்டார்.

"எனக்கு வரலைன்னா போவுது. அந்த ஊருல யாராச்சும் உன்னைய அப்படிக் கேட்டா, என்ன கேக்குறாங்கன்னு தெரியாம முழிக்காத. பதில் சொல்லத் தெரிஞ்சிக்கிட்டுப் போ."

வீடு வரும்வரை அவன் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். "யா, டாக். யா, டாக்." ஆமாம், நன்றி.