மயிர்க்கொட்டி தின்ற பாலைப்பழம்

எங்களில் ஒருவர் விடிய நாலரைக்கு எழும்பி அலுவலகங்கள் துடைக்கப் போகவேண்டும். மற்றவர் பாரிஸில் ஒரு றெஸ்ரோரன்றின் குசினியில் மரக்கறி வெட்டி, கோப்பை கழுவி, கடைசி மெத்ரோவில் வீடுவந்து சேரவேண்டும். காலையில் ஒருவர் மகளைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவார். பின்னேரம் மற்றவர் கூட்டிக்கொண்டு வருவார். மூன்றுபேரும் ஒன்றாய் இருந்து சாப்பிடுவது திங்கள் இரவு மட்டும்தான். அன்று றெஸ்ரோரன்ற் பூட்டு.

பிரான்சில் 2019 இலிருந்து மூன்று வயதிலேயே பிள்ளைக்குக் கல்வி கட்டாயம். நாங்களும் பள்ளியில் விட்டோம். ஆறு மாதம் கழித்து ஆசிரியை கூப்பிட்டார். பிள்ளை வகுப்பில் வாய் திறக்கிறாளில்லை, வீட்டிலும் பிரெஞ்சில் பேசிப் பாருங்கள் என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் எங்களிடம் இருந்த பிரெஞ்சு எது? கெதியாய், சூடு, தள்ளு, கோப்பை எங்கே, இன்னும் முடியவில்லையா என்கிற குசினிப் பிரெஞ்சு. அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரண்டு மாதத்தில் வீட்டில் சத்தம் குறைந்துபோனது. ஊரிலிருந்து அம்மம்மா போனில் "என்ன குஞ்சு, சாப்பிட்டியே?" என்று கேட்டால், மகள் போனை எங்களிடம் நீட்டிவிட்டுப் போய்விடுவாள்.

சரி, திரும்பவும் தமிழிலேயே பேசுவோம் என்று முடிவெடுத்தோம். அப்போதுதான் அடுத்த வெட்கம் வந்தது. ஒரு திங்கள் இரவு, அன்று முழுக்க அவளோடு பேசிய தமிழை எண்ணிப் பார்த்தோம். வா, இரு, சாப்பிடு, வெளிக்கிடு, ஓடாதை, படு. இருபது சொல்லைத் தாண்டவில்லை. எல்லாம் ஏவல். குசினியில் முதலாளி எங்களோடு பேசுகிற பிரெஞ்சுக்கும், வீட்டில் நாங்கள் மகளோடு பேசிய தமிழுக்கும் வித்தியாசமே இருக்கவில்லை. எங்களில் ஒருவர் 2009 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு வந்தவர். சங்கப்பாட்டுக்குப் பொருள் எழுதியவருக்குச் சொந்தப் பிள்ளையோடு பேச இருபது சொல்.

பாரிஸ் நகர நூலகங்களில் புத்தகம் இரவல் எடுக்கக் காசு தேவையில்லை. பிள்ளையின் பெயரிலும் அட்டை தருவார்கள். எரிக் கார்ல் என்ற அமெரிக்கர் 1969 இல் எழுதி வரைந்த புழுக் கதையின் பிரெஞ்சுப் பதிப்பை மகளே தெரிந்தெடுத்தாள். பக்கங்களில் புழு தின்ற ஓட்டைகள் இருந்தன. அதற்குள் விரலை விட ஆசை.

"இது என்ன?"

"மயிர்க்கொட்டி."

"இஞ்சேருங்கோ, மயிர்க்கொட்டி எண்டால் பட்டாலே கடிக்கும். இது சும்மா புழு."

"வடிவாய்ப் பாரும், முதுகிலை மயிர் நிக்குது."

மகள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முன்னால் ஏவல் இல்லாத ஒரு பேச்சு நடந்தது.

நாங்கள் புத்தகத்தை மொழிபெயர்க்கவில்லை. படத்தைப் பார்த்து எங்கள் பேச்சில் சொன்னோம். சொல்லத் தொடங்கியதும், மறந்திருந்த சொற்கள் வரிசையாய் வந்தன. புழு ஊரும், நெளியும், சுருளும். பழத்தைக் கொறிக்கும், கடிக்கும், மெல்லும், விழுங்கும். வீட்டில் இவ்வளவு நாளும் 'சாப்பிடு' ஒன்றுதான் இருந்தது.

புதன்கிழமை புழு தின்கிற பழத்தை ஊரில் நாங்கள் கண்டதில்லை. பிரெஞ்சுப் பெயரையே சொன்னோம். பிறகு மயிர்க்கொட்டியை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். திங்கள் ஒரு மாம்பழம், செவ்வாய் இரண்டு விளாம்பழம், புதன் மூன்று நாவற்பழம், வியாழன் நாலு பாலைப்பழம். பாலைப்பழம் எப்படி இருக்கும் என்று கேட்டாள். வன்னிக் காட்டில் காய்க்கும், சின்னன், மஞ்சள், தின்றால் பால் பட்டுச் சொண்டு ஒட்டும் என்றோம். அவள் தன் சொண்டை ஒட்டிப் பார்த்தாள்.

வாசித்துக்கொண்டே போவதைவிட, நிறுத்திக் கேட்பதில்தான் பலன் அதிகம். அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ற்றும் கூட்டாளிகளும் 1988 இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. பெற்றோர் 'ஓம்', 'இல்லை' என்று முடிந்துபோகாத கேள்விகளைக் கேட்டு, பிள்ளை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னார்கள். ஒரு மாதத்திலேயே அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றப் பிள்ளைகளின் பேச்சைவிட முன்னேறியிருந்தது. நாங்களும் அப்படிச் செய்தோம். "இனி எங்கை போகும்?" "ஏன் அதுக்கு வயித்துக்குத்து?" அவள் "கன சாப்பாடு" என்றால், "ஓம், கண்டதையும் திண்டு வயிறு ஊதிப்போச்சு" என்று நாங்கள் நீட்டுவோம். அடுத்த தடவை அவளே "ஊதிப்போச்சு" என்பாள். ஒரே புத்தகத்தை முப்பது தடவை கேட்டாள். எங்களுக்கு அலுத்தது, அவளுக்கு அலுக்கவில்லை.

லா சப்பலில் வாங்கிய தமிழ்ப் புத்தகங்களில் வேறு சிக்கல். எங்கள் வாயில் "திண்டது" என்று வருவது அங்கே "உண்டது" என்று இருக்கும். புத்தகம் ஏன் இப்படிக் கதைக்கிறது என்று கேட்டாள். முதலில் எங்கள் பேச்சில் கதையைச் சொல்லி, பிறகு புத்தகத்தின் வரியை வாசித்தோம். கதை தெரிந்தபிறகு எழுத்துத்தமிழ் அவளுக்கு அந்நியமாய் இருக்கவில்லை.

பள்ளியிலும் மெல்ல வாய் திறந்தாள். முதலில் சொன்னது மயிர்க்கொட்டிக் கதைதானாம், பிரெஞ்சில்.

போன மாதம் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரத்தில் அம்மம்மாவின் போன் வந்தது. வழக்கம்போல "என்ன குஞ்சு, சாப்பிட்டியே?"

"அம்மம்மா, பாலைப்பழம் திண்டால் உங்கடை சொண்டும் ஒட்டுமோ?"

அந்தப் பக்கத்தில் கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு அம்மம்மா, தான் சின்னப்பிள்ளையாய் இருக்கேக்கை காட்டுக்குப் போன கதையைத் தொடங்கினார். மகள் இடைக்கிடை நிறுத்திக் கேள்வி கேட்டாள். போனைப் பறிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அன்று எங்களில் ஒருவர் வேலைக்கு இருபது நிமிடம் பிந்திப்போனார். குசினி வாசலிலேயே கெதியாய், கெதியாய் என்று ஏச்சு விழுந்தது.