தோழியின் அன்னைக்காக ஓடினோம்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அன்னை சென்ற ஆண்டு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறைவனடி சேர்ந்தார். அவர் மருத்துவமனைக்குப் போய் வந்த நாள்களில் விம்கோ நகரில் எவரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "வயிற்றில் கட்டி" என்றார்கள். "அந்த வியாதி" என்றார்கள். சாவு வீட்டிலும் அப்படியே. ஆகவே, புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்காக ஐ.ஐ.டி. வளாகத்தில் நடக்கும் டெரி ஃபாக்ஸ் ஓட்டத்திற்குப் போகலாமா என்று அவளே கேட்டபோது வியந்தோம்.

டெரி ஃபாக்ஸ் கனடா நாட்டு இளைஞர். எலும்புப் புற்றுநோயால் 1977-இல் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலுடன் புறப்பட்டு, நாளும் ஏறக்குறைய 42 கி.மீ. ஓடி, ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். 143 நாள்களில் 5,373 கி.மீ. கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த நேர்ந்தது. மறு ஆண்டு, 22 வயதில் மறைந்தார். அவர் பெயரால் நடக்கும் ஓட்டத்தில் முதற்பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. விளையாட்டு விழாவில் ஒரு சோப்புப் பெட்டியும் வென்றறியாத எம்மில் சிலருக்கு இது பெரும் ஆறுதல்!

"ஞாயிறு திருப்பலி என்னாவது?" என்றார் சிஸ்டர். சனி மாலைத் திருப்பலிக்குச் செல்வதாக வாக்களித்ததும் அனுமதி கிடைத்தது, உண்டியலும் கிடைத்தது.

முதல் இரண்டு வீடுகளில், "ஒரு நல்ல காரியத்துக்கு" என்று இழுத்தோம். மூன்றாம் வீட்டில் தோழி முன்னே வந்தாள். "எங்க அம்மா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால இறந்துட்டாங்க. அந்த ஆராய்ச்சிக்குத்தான் கேக்குறோம்" என்றாள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மீன் விற்கும் ஆயா சுருக்குப் பையிலிருந்து ஈர நோட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். "ஆராய்ச்சி பண்ணா போன உசுரு வருமா?" என்றார் ஒரு பெரியவர். வராதுதான். ஆனால் இந்நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ் எனக் கண்டறிந்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்ததையும், அவ்வழியே வந்த தடுப்பூசி எங்கள் வயதுப் பெண்களுக்கு இன்று இருப்பதையும் சொன்னோம். பத்து ரூபாய் போட்டார்.

நான்காம் தெருவில் ஓர் அத்தை எங்கள் தோழியை மட்டும் மாடிப்படிக்கு அழைத்தார். "உங்கம்மாவுக்கு முதல்ல எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாராம். மாதவிலக்கு நின்று மூன்றாண்டுகளுக்குப் பின் அவருக்கு மீண்டும் உதிரம் படுகிறது, கணவரிடமும் சொல்லவில்லை. நாங்கள் உண்டியலுடன் தெருவில் காத்திருந்தோம். வெகுநேரம் பேசினார்கள். மறுவாரம் தோழியின் பெரியம்மா அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். முற்றுவதற்கு முன்பே கண்டறிந்துவிட்டார்கள். இப்போது சிகிச்சை நடக்கிறது.

ஞாயிறன்று இருள் பிரியுமுன் மெட்ரோ ஏறிக் கிண்டியில் இறங்கினோம். அங்கிருந்து அடையாறு அருகில்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 31 ஆண்டுகள் அதை மறவாமல், 1954-இல் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கிய இடம் அது. தோழி அதை எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஐ.ஐ.டி.யில் புள்ளிமான்கள் சாலையோரம் மேய்ந்தன! எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளைத் தவிர வேறொன்றும் காணாத நாங்கள் ஓட மறந்து நின்றோம். தோழி நிற்கவில்லை. அவள் முதுகில் குத்தியிருந்த தாளில் அன்னையின் பெயரும், அதன்கீழ் நோயின் பெயரும் பெரிய எழுத்தில் இருந்தன. பாதி தூரம் ஓடினாள். மீதியை எங்களோடு நடந்தாள்.

திரும்பும் வழியில் மெட்ரோவிலும், விம்கோ நகர்த் தெருவிலும் அந்தத் தாளை அவள் எடுக்கவில்லை. அவளுடைய அப்பா வாசலில் நின்றிருந்தார். மகளைத் திருப்பி நிறுத்திப் படித்தார். பிறகு ஊசிகளைக் கழற்றி, தாளை மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் சாப்பிட வாங்கம்மா" என்றார்.