மூன்றாவது இழுப்பறை

ஊரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் சிங்கப்பூரில் எங்கள் பொங்கோல் வீட்டில் முதலில் திறப்பது சமையலறையின் மூன்றாவது இழுப்பறையைத்தான். ரப்பர் பேண்டு, எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகள், உயிர் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத பேட்டரிகள், இவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பையில் ஐந்து ஈசி-லிங்க் பயண அட்டைகள். ஆறாவது ஒன்று கடலூரில் இருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

விமான டிக்கெட் எடுத்த கையோடு உறவுக்காரர்கள் தொலைபேசியில் கேட்பது இதைத்தான்: "ரயிலுக்கு, பஸ்ஸுக்கு தனியா கார்டு வாங்கணுமாமே, பத்து நாளைக்கு அது எதுக்கு?" நியாயமான கேள்வி. 2022 மார்ச் வரை பதில் சொல்லவும் சிரமம் இருந்ததில்லை. நிலையத்து இயந்திரத்தில் காசைப் போட்டால் தாள் டிக்கெட் ஒன்று வரும். அதை நிறுத்திவிட்டார்கள். இன்று ரொக்கம் செல்லுவது பேருந்தில் மட்டும். அதிலும் கட்டணம் கூடுதல், மீதிச் சில்லறை தரமாட்டார்கள், இறங்கி ரயிலுக்கு மாறினால் முழுக் கட்டணத்தையும் புதிதாகக் கட்ட வேண்டும். அட்டை வைத்திருப்பவருக்கோ பேருந்தும் ரயிலும் சேர்ந்து ஒரே பயணம். 2010-லிருந்து மொத்த தூரத்துக்குத்தான் கணக்கு.

ஆகவே ஏதோ ஓர் அட்டை வேண்டும். வங்கி அட்டையா, பயண அட்டையா என்பதுதான் கேள்வி. 2019 முதல் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளையும் நிலையக் கதவில் தட்டிப் போகலாம். ஆனால் வெளிநாட்டு வங்கியின் அட்டை என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணம். ஈசி-லிங்க் அட்டை 10 வெள்ளி. அதில் 5 வெள்ளி அட்டையின் விலை, திரும்பி வராது, மிச்சம் 5 வெள்ளிதான் பயணத்துக்கு. கணக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. எட்டு நாளுக்கு 4 வெள்ளி 80 காசு, ஒன்பது நாளுக்கு 5 வெள்ளி 40 காசு. எட்டு நாளுக்குள் திரும்புகிறவர் வங்கி அட்டையோடு வரட்டும். அதற்கு மேல் தங்குகிறவர் பயண அட்டை வாங்கட்டும். 2007-லிருந்து சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஒரு பாஸும் உண்டு. குறிப்பிட்ட சில நாள்களுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாம். காலையில் ஓர் ஊர்கோடி, மாலையில் இன்னொரு ஊர்கோடி என்று ஓடுகிறவர்களுக்கு அது சரி. நம்மவர்கள் காலையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா போய் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, முஸ்தபா கடையில் சாக்லேட் விலையைப் பார்த்துவிட்டு, மதியம் வந்து படுத்துவிடுவார்கள். அந்தப் பாஸ் அவர்களுக்குக் கட்டாது.

இப்படிக் கணக்குச் சொல்லித்தான் சில ஆண்டுகள் பெரிய நிபுணன்போல் நடமாடிக்கொண்டிருந்தேன். முதல் அடி மச்சானிடமிருந்து வந்தது. வங்கி அட்டையே போதும் என்று நான் சொன்னதை நம்பி நள்ளிரவு விமானத்தில் ஏறி விடிகாலையில் அக்காவோடு வந்தவர், ரயில் கதவில் அட்டையை மூன்று முறை வைத்தும் திறக்காமல், பின்னால் வரிசை நீள, பெட்டியோடு ஒதுங்கி நின்றிருக்கிறார். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை உரியவரே கேட்டுத் திறந்துவிட வேண்டும். தட்டிச் செலுத்தும் வசதியையும் அப்படியே. அதை அவரும் செய்யவில்லை, நானும் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்ல மறந்திருந்தேன். ஓர் அட்டைக்கு ஓர் ஆள்தான். கணவன் தட்டிவிட்டு உள்ளே போய், அதே அட்டையை மனைவியிடம் நீட்ட முடியாது. அக்கா வெளியே, அவர் உள்ளே என்றுதான் அன்று என்னைக் கூப்பிட்டிருப்பார்கள், கதவு திறந்திருந்தால்.

இரண்டாவது பாடம் சித்தப்பா நடத்தியது. மன்னார்குடிப் பக்கம் முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவர். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் நோட்டை மடித்துச் செருகும் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. பொங்கோலில் ஏறினால் பத்தாவது நிலையம் லிட்டில் இந்தியா. 2003-ல் திறந்த இந்த வடகிழக்குப் பாதையில் கண்டக்டர் இல்லை என்பது அவருக்கு அதிசயமாக இல்லை. டிரைவரும் இல்லை என்றதும் முதல் பெட்டிக்குப் போய்க் கண்ணாடி வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "அப்ப யாரு வண்டிக்குப் பொறுப்பு?" என்றார். பேருந்துதான் அவரைத் தடுமாற வைத்தது. ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது இன்னொரு தட்டு. "எறங்கும்போது டிக்கெட் எடுக்கிற பஸ்ஸ நான் எங்கயும் பாத்ததில்லடா." முதல் நாளே இறங்கும்போது தட்ட மறந்தார். மறந்தால் அந்த வழியின் கடைசி நிறுத்தம்வரை போனதாக எண்ணிப் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினேன். அதை அவர் குறையாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "சரிதான். எங்க ஏறினேன்னு சொல்லாதவன்கிட்ட நாங்களும் பொறப்பட்ட எடத்துலேருந்துதான் சார்ஜ் போடுவோம்."

அவருக்குப் பிடித்துப்போனது அந்தச் சின்னத் திரை. தட்டியதும் போன தொகை, இருக்கிற தொகை இரண்டும் பச்சையாக மின்னி மறையும். அதை வாய்விட்டுப் படிப்பார். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அவருக்குக் கவலை இல்லை. இரவில் டைரியில் எழுதிக்கொள்வார்.

2024 பொங்கலுக்கு அவர் மறுபடி வந்திருந்தபோதுதான் அந்தக் கலவரம். ஜனவரி 9-ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது: பழைய வகை அட்டைகள் ஜூன் 1 முதல் செல்லாது, சிம்பிளிகோ என்ற புதிய முறைக்கு மாற வேண்டும். புதிய முறையில் பணம் அட்டைக்குள் இல்லை, எங்கோ ஒரு கணக்கில் இருக்கிறது. ஆகவே கதவில் தொகை தெரியாது, கைப்பேசிச் செயலியில்தான் பார்க்க வேண்டும். திரையில் காட்ட முயன்றால் ஒவ்வொருவருக்கும் சில விநாடி கூடும், வரிசை தேங்கும் என்றார்கள். ஊரே முணுமுணுத்தது. சிங்கப்பூரில் முணுமுணுப்பு என்றால் மற்ற ஊரில் மறியல் மாதிரி. 22-ஆம் தேதி அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். 4 கோடி வெள்ளி கூடுதலாகச் செலவிட்டுப் பழைய முறையைக் குறைந்தது 2030 வரை ஓட்டுவதாக முடிவு. சித்தப்பா தமிழ் முரசை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "தொகை போடாத டிக்கெட்ட செக்கிங் இன்ஸ்பெக்டர் கிழிச்சுப் போட்டுடுவான்."

செயலி இருக்கிறதே என்று சொல்பவர்கள் இளைஞர்கள். எழுபது வயதில் வந்திறங்கியவரிடம் உள்ளூர் சிம் இருக்காது. கடவுச்சொல் ஊரில் மகனிடம் இருக்கும். கையில் இருக்கிற அட்டை எவ்வளவு மிச்சம் என்று சொன்னால்தான் அவர் தனியாக வீட்டை விட்டு வெளியே கால் வைப்பார். அறுபது காசுக் கணக்குப் போட்ட நான் இதை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

அன்றிலிருந்து என் பதில் மாறிவிட்டது. எப்போதாவது வருகிறவர்கள் அட்டை வாங்க வேண்டியதில்லை; அவர்கள் வந்து தங்கும் வீடு வாங்கி வைத்திருக்க வேண்டும். கூடுதலாக ஒரு பாய், ஒரு துண்டு, ஒரு தட்டு வைத்திருப்பதில்லையா? பெரியவர்களுக்கான சாதாரண அட்டையில் பெயரோ படமோ இல்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். (உள்ளூர் மூத்தோரின் சலுகை அட்டை வேறு. அதை விருந்தாளியிடம் கொடுத்துவிடாதீர்கள்.) எங்கள் இழுப்பறை அட்டைகளை நான் இன்னும் சிம்பிளிகோவுக்கு மாற்றவில்லை. காலாவதித் தேதியை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன். 2009-ல் அட்டைகளையே மொத்தமாக மாற்றியபோது, பத்திரமாக ஊருக்குக் கொண்டுபோய் வைத்திருந்த எத்தனையோ பேரின் அட்டைகள் வெறும் பிளாஸ்டிக் ஆயின.

2024 பொங்கலுக்குச் சித்தப்பாவோடு சித்தியும் வந்திருந்தார். அவருக்குப் பிறந்த ஊர் கடலூர். தேக்காவில் அவருக்கு ஆர்வமில்லை, "நம்மூர் கடைத்தெருதானே" என்றுவிட்டார். பொங்கோல் இலகு ரயிலின் கிழக்கு வளையத்தில் ரிவியேராவுக்கும் ஒயாசிஸுக்கும் நடுவே ஒரு நிலையம் இருக்கிறது. பெயர் கடலூர். பலகையில் தமிழில் அதைப் பார்த்த நாள் சித்தி வீடு திரும்பும்வரை பேசவே இல்லை. மறுநாள் பதினொரு மணிக்கு, நான் அலுவலகத்தில் இருக்கும்போது, கையில் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பியிருக்கிறார். வளையப் பாதை, எங்கே விட்டாலும் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும் என்று சித்தப்பா தைரியம் சொல்லியிருக்கிறார். அப்புறம் தினமும் போனார். கேட்டால், "ஊருக்குப் போய்ட்டு வந்தேன் தம்பி."

அவர்கள் திரும்பிப் போன வாரம் பையில் ஓர் அட்டை குறைந்தது. கடலூருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சுருக்குப் பையிலேயே வந்துருச்சுப்பா. ரெண்டு வெள்ளி நாப்பது காசு இருக்கு அதுல. அனுப்பணுமா?"

"வேண்டாம் சித்தி, வச்சுக்கங்க."

"அதத்தான் உங்க சித்தப்பாகிட்டயும் சொன்னேன்."