மேசையும் திரையும்

சூதாட்ட விடுதி மேசையில் மணிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 போக்கர் ஆட்டங்கள்தான் முடியும். சீட்டைக் கலைக்க வேண்டும், சில்லுகளை எண்ண வேண்டும், ஒருவர் யோசிக்கும்வரை மற்றவர்கள் பொறுத்திருக்க வேண்டும். இணையத்தில் ஒரே மேசையில் அறுபதுக்கு மேல் நடக்கும். தேர்ந்தவர்கள் நான்கைந்து மேசைகளில் ஒருசேர ஆடுவார்கள். மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த வேகத்திலிருந்தே கிளைக்கின்றன.

இத்தனை ஆட்டங்களை எந்த மனமும் நினைவில் வைக்காது. போக்கர்டிராக்கர், ஹோல்டம் மேனேஜர் போன்ற மென்பொருள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. எதிராளி எத்தனை விழுக்காடு ஆட்டங்களில் தானாகப் பணம் போடுகிறார், எத்தனை முறை பந்தயத்தை ஏற்றுகிறார் என்ற எண்கள் அவர் பெயரருகே திரையில் நிற்கும். முதல் எண் 40 என்றிருந்தால் கிடைத்த சீட்டையெல்லாம் ஆடுபவர்; 12 என்றால் நல்ல சீட்டுக்குக் காத்திருப்பவர். நேரடி மேசையில் இதையெல்லாம் கண்ணும் நினைவும்தான் சேகரிக்க வேண்டும். திரைப்படங்கள் காட்டும் முகத்துடிப்பைவிட, பந்தயம் கட்டும் வழக்கமே ஆளை அதிகம் காட்டிக்கொடுக்கும்.

2015-ல் வந்த பயோசால்வர் வேறு வகை மென்பொருள். எந்தச் சீட்டை எவ்வளவு அடிக்கடி எப்படி ஆடினால் எதிராளியால் சுரண்ட முடியாது என்று அது கணக்கிடும். ஆட்டத்துக்கு வெளியே அது பாடம். ஆடும்போதே பார்த்தால் மோசடி. இந்தக் கோடு அழிந்தால் இணைய போக்கரில் மனிதருக்கு இடமிருக்காது. 2017-ல் பிட்ஸ்பர்க்கில் லிப்ராட்டஸ் என்ற நிரல், 20 நாட்களில் ஆடிய 1,20,000 ஆட்டங்களின் முடிவில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது.

லாஸ் வேகாஸில் கட்டாயப் பந்தயம் ஒன்று-இரண்டு டாலராக உள்ள மேசை பொதுவாக அடிமட்டப் படிகளில் ஒன்று. விடுமுறைக்கு வந்தவர்கள் அங்கே உட்காருகிறார்கள். இணையத்திலோ சில சென்ட் மேசையில் தொடங்கிப் பல படி ஏறிய பிறகுதான் அதே தொகை வரும். எனவே பந்தயத் தொகை ஒன்றாயினும் திறன் ஒன்றல்ல. ஆனாலும் இணையத்தில் தேறியவர் நேரடி மேசையில் எளிதாக வெல்வார் என்பதில்லை. சீட்டைக் கவிழ்க்க மனமில்லாதவர்களிடம் நுட்பமான பிளஃப், அதாவது பொய்ப் பந்தயம், வீண். வலுவான சீட்டுக்கு மணிக்கணக்கில் காத்திருக்கும் பொறுமைதான் அங்கே காசு.

2003 உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடினார்கள். இணையத் தகுதிப் போட்டி வழியாக வந்த கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றார். கடைசியில் எதிரே இருந்த சாம் ஃபார்ஹாவை, கையில் ஒன்றுமில்லாமலே பெரும் தொகை கட்டிச் சீட்டைக் கவிழ்க்க வைத்தார். அந்த நிமிடத்தில் அவருக்கு உதவ எந்தத் திரையும் இல்லை.