பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை

மழை விட்ட சனிக்கிழமை இரவு, பெங்களூர் சர்ச் தெருவில் நடக்க இடமில்லை. எண்பதுகளின் கடைசியில் நாட்டுக்கே பப் மோகத்தைப் பரப்பிய வட்டாரம் இது. விண்கலம் போல் ஜோடித்த 'நாசா' போய்விட்டது. பக்கத்து ரெஸ்ட் ஹவுஸ் சாலையில் 1989-ல் வந்த 'பீகோஸ்' மட்டும் பழைய ராக் இசையோடு அசராமல் நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த 'பப் தலைநகரம்' நெடுங்காலம் பதினொன்றரைக்கே கதவடைத்தது. 2008-ல் போலீஸ் நடனத்துக்கும் தடை போட்டது. தினமும் ஒரு மணி வரை அனுமதி கிடைத்தது 2016-ல்தான்.

நேரம் நீண்டது, திரும்பும் வழி நீளவில்லை. பப் மூடுமுன்பே கடைசி மெட்ரோ வழக்கமாகக் கிளம்பிவிடுகிறது. அப்புறம் ஆட்டோக்காரர் சொல்வதுதான் கட்டணம். தனியாக வந்த பெண்கள் பத்தரைக்கே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.