தழும்பை மறைக்காத கோயில்

ஜோகன்னஸ்பர்க் மாநகரை விட்டுத் தென்மேற்கே சென்றால் சொவேட்டோ வருகிறது. தென்மேற்குக் குடியிருப்புகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அவ்வூரின் பெயர். பகலெல்லாம் வெள்ளையரின் நகரில் உழைத்துவிட்டு, இரவில் அவர்கள் கண்ணுக்கு அப்பால் சென்று உறங்க வேண்டும் என்று கறுப்பின மக்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அது. அங்கே 'ரெஜினா முண்டி' எனும் உலக அரசியின் ஆலயத்தைத் தரிசிக்கச் சென்றிருந்தோம்.

உயர்ந்த கோபுரத்தையும் சிற்ப வேலைப்பாட்டையும் நாடிச் செல்பவர் இங்கு ஏமாறுவர். 1962-இல் இதன் அடிக்கல்லை மந்திரித்தவர் கர்தினால் மொந்தினி. மறு ஆண்டில் ஆறாம் சின்னப்பர் என்னும் பெயருடன் பாப்பரசரானவர் அவரே. ஆயினும் இக்கோயில் உலகறியப் பெயர் பெற்றது அதனாலன்று.

உள்ளே அழைத்துச் சென்ற பங்கு மூதாட்டி, முதலில் கூரையைச் சுட்டிக் காட்டினார். அங்கே துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த ஓட்டைகள்! பளிங்குப் பீடத்தின் ஒரு மூலை உடைந்திருக்கிறது. இயேசுவின் சுரூபத்தில் கைகள் இல்லை. 1976 ஜூன் 16 அன்று, சில பாடங்களை ஆப்பிரிக்கான்ஸ் மொழியில்தான் கற்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் சென்றனர். காவல்துறை சுட்டது. ஓடி வந்த பிள்ளைகள் இக்கோயிலில் அடைக்கலம் புகுந்தனர். துப்பாக்கிகள் இங்கும் பின்தொடர்ந்து வந்தன. அந்தத் தழும்புகளைப் பூசி மறைக்காமல் பங்கு மக்கள் இன்றும் காத்து வருகின்றனர்.

பொதுக்கூட்டங்கள் தடைசெய்யப்பட்ட அந்நாட்களில், மக்கள் மனம் திறந்து பேசுவதற்கு இக்கோயிலே இடமாயிற்று. நிறவெறி ஆட்சி 1994-இல் முடிந்த பின், உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அமர்வுகள் இங்கே நடந்தன. ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அவ்வாணையத்தின் தலைவர். துன்புற்றோர் எழுந்து பேச, நாடு செவிகொடுத்தது.

செவிகொடுப்பது எளிதன்று. அதற்குத் திருச்சபையின் வரலாறே சான்று. 1957-இல் தென்னாப்பிரிக்க ஆயர்கள் நிறஒதுக்கல் தன்னியல்பிலேயே தீயது என்று அறிக்கையிட்டனர். நம் பள்ளிகளிலும் குருமடங்களிலும் மருத்துவமனைகளிலும் கூட அவ்வொதுக்கல் இருக்கிறது என்று அப்போதே ஒப்புக்கொண்டனர். ஆனால் ஒப்புக்கொண்டதோடு காலம் கழிந்தது. கறுப்பின மாணவருக்கு ஒரு குருமடம், வெள்ளையருக்கு வேறொன்று என்னும் நிலை நீடித்தது. 1970-இல் கறுப்பினக் குருக்கள் ஐவர், எங்கள் திருச்சபை எங்களைக் கைவிட்டது என்று நாளிதழில் பகிரங்கமாக எழுதினர். தாயின் குறையைத் தெருவில் சொல்லலாமா என்று சிலர் வருந்தியிருக்கலாம். வீட்டினுள் கேட்பாரில்லாதபோது அவர்கள் வேறு எங்கே சொல்வார்கள்?

பேச்சு செயலாக மாறியது 1976-இல். கன்னியர் சபைகள் சில, வெள்ளையருக்கென்றிருந்த தம் பள்ளிகளில் சட்டத்தையும் மீறிக் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. பள்ளியை இழக்க நேரிடலாம் என்பதை அறிந்தே அவ்வாறு செய்தன. மறு ஆண்டில் ஆயர்கள், நீதிக்குச் சாட்சி பகர்வதில் தாங்கள் பின்தங்கியதை ஏற்று, திருச்சபைக்குள் வேற்றுமையை ஒழிக்க உறுதி பூண்டனர்.

துன்புறுவோர்க்குத் துணை நிற்பதென்றால் என்ன என்பதை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. அவர்களுக்குப் பதிலாக நாம் பேசுவதன்று அது. அவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் கேட்பது. குற்றச்சாட்டு நம்மையே சுட்டும்போதும் எழுந்து போகாமலிருப்பது. கேட்டபின், நம் கையிலுள்ள கதவைத் திறப்பது, அதனால் நமக்கு நட்டம் வந்தாலும்.

விடைபெறும்போது அம்மூதாட்டி, உங்கள் நாட்டுக் கோயிலில் எல்லாரும் ஒன்றாகத்தானே முழந்தாளிடுகிறீர்கள் என்று வினவினார். ஆம் என்றோம். பிறகு, ஒன்றாகத்தானே அடக்கம் செய்கிறீர்கள் என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எம் பங்கின் கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கும் சுவர் எங்கள் கண்முன் வந்து நின்றது. நிறவெறி வேறு, சாதி வேறு எனலாம். ஆனால் சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்க்கு அவ்வேறுபாட்டால் என்ன ஆறுதல்? இல்லை அம்மா, இன்னும் இல்லை என்று உண்மையைச் சொன்னோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. எங்கள் கரங்களைப் பற்றிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும், சுவருக்கு அப்பால் தம் முன்னோரைப் புதைத்துள்ள குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்றோம். அறிவுரை கூறச் செல்லவில்லை, கேட்கச் சென்றோம். முதல் வீட்டில் நெடுநேரம் எவரும் பேசவில்லை. இரண்டாம் வீட்டில் ஒரு பெரியவர் பேசத் தொடங்கினார். அவர் கூறியவை எமக்கு இனிக்கவில்லை. ஆயினும் இறுதிவரை கேட்டோம். சுவர் இன்னும் நிற்கிறது. அடுத்த பங்குக் கூட்டத்தில் அதைப்பற்றி முதலில் பேச அவரையே அழைத்திருக்கிறோம்.

அன்பு வாசகர்களே, உங்கள் பங்கில் நீங்கள் இதுவரை சென்று அமராத வீடு எது?