வாயில் முடிகிற வேலை

சீஸ் செய்யக் கற்றுக்கொள்ள மலையேறி வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே தொட்டிக்குள் கைவிட ஆசை. நான் விடுவதில்லை. முன்பக்கம் இருக்கிற சின்னக் கடையில், வெட்டிக் கொடுக்கிற பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைப்பேன். யார் எதை வாயில் போட்டதும் முகம் சுளிக்கிறார்கள், எதற்கு இன்னொரு துண்டு கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் பார்க்கட்டும். "தின்னப்போறது யாருன்னு தெரியாம பாலை ஊத்தாதே" என்பார் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர். பத்து லிட்டர் பால் போனால்தான் கெட்டிச் சீஸ் ஒரு கிலோ கிடைக்கும். அதை மனதில் வைத்துத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

பலகை முதலில் சொல்லித் தருவது சூட்டை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு நறுக்கித் தின்றால் எந்தச் சீஸுக்கும் ருசி தெரியாது. கொழுப்பு இறுகிக் கிடக்கும், மணம் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கும். எங்கள் பழனி மலைக் குளிரில் ஒரு மணி நேரம் வெளியே வைக்கலாம். மதுரையில் சித்திரை மாதத்தில் கால் மணி நேரமே அதிகம். அதற்கு மேல் வைத்தால் செடார் மேலெல்லாம் எண்ணெய் துளிர்க்கும். "கெட்டுப்போச்சுங்க" என்று அதைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. கெடவில்லை, வியர்த்திருக்கிறது. துணியால் ஒற்றிவிட்டுச் சாப்பிடலாம்.

எங்களிடம் அதிகம் போவது கௌடா. குழந்தைகள் கை நீட்டுவதும் அதற்குத்தான். காரணம் அதன் இனிப்பு. உறைந்த கட்டியை வெட்டியதும் தெளிந்து நிற்கிற மஞ்சள் தண்ணீரை நாங்கள் வே என்போம். அதில் மூன்றில் ஒரு பங்கை வடித்துவிட்டு, அந்த இடத்தில் வெந்நீரை மெல்ல ஊற்றி, முப்பத்தேழு முப்பத்தெட்டு டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். பாலின் சர்க்கரை இப்படிக் கழுவிப் போய்விடுவதால் புளிப்பு அடங்கியிருக்கும். அவசரக்காரப் பையன் ஒருவன் வெந்நீரை ஒரே வாளியாகக் கவிழ்த்தான். வெட்டிய கட்டியின் ஒவ்வொரு மணிக்கும் மேலே தோல் கட்டிக்கொண்டது, உள்ளே ஈரம் சிக்கிக்கொண்டது. அன்று ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் சக்கரத்தை அறுத்தபோது நடுவில் புளித்துப்போயிருந்தது. இந்தத் தொழிலில் தண்டனை தாமதமாகத்தான் வரும். செய்தவன் அதற்குள் ஊருக்கே போயிருப்பான்.

பதம் பார்க்கப் பெரியவர் முழங்கைவரை கையைத் தொட்டியில் விட்டு ஒரு பிடி அள்ளுவார். இறுக்கிப் பிடித்துக் கையை விரிப்பார். பிடித்தது பிடித்தபடி கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் தேய்த்தால் மணிமணியாக உதிர வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் அச்சில் போடலாம். உதிராமல் மசிந்தால் இன்னும் கிண்ட வேண்டும். மழைக்காலத்து இளம்புல் தின்ற பாலுக்கும் கோடையில் வைக்கோல் தின்ற பாலுக்கும் கிண்டுகிற நேரம் மாறும். தாளில் எழுதிய நிமிடக் கணக்கை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். அச்சிலிருந்து எடுத்த நாலு கிலோ சக்கரம் உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் மிதக்கும். பிறகு முதிர்வறை. அங்கே தினம் திருப்பிப்போட வேண்டும். தீபாவளிக்கும் லீவு கிடையாது.

ஒரு மாதக் கௌடாவை மெல்லிய தாளாகச் சீவி ரொட்டியில் வைத்துச் சாப்பிடுவது ஹாலந்துக்காரர் வழக்கம். சீவுவதற்கென்றே நடுவில் பிளவுள்ள ஒரு கரண்டி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் நார்வே நாட்டுத் தச்சர் தோர் பியோர்க்லுண்ட், 1925-இல். இழைப்புளி பிடித்த கைக்குத்தான் அந்த யோசனை வரும். வருடம் கடந்த கௌடாவை அப்படிச் சீவ முடியாது, பொடியும். கட்டி கட்டியாக உடைத்துக் கடுகுச் சாந்து தொட்டுத் தின்ன வேண்டும். பல்லில் நறநறவென்று ஏதோ படும். "உப்பு சரியாக் கரையலையே" என்று ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். அது உப்பில்லை. புரதம் உடைந்து டைரோசின் என்கிற படிகமாகத் திரண்டிருக்கிறது. பொறுத்திருந்த சீஸில்தான் அது வரும். அடுத்த முறை அந்த அம்மா "அந்த நறநற இருக்கா?" என்று கேட்டு வாங்கிப்போனார்.

மொஸரெல்லா வேறு ஜாதி. அதற்கு முதிர்வறை வேண்டாம், ஆனால் அந்த ஒரு நாளில் கண்ணை மூட முடியாது. கட்டியின் புளிப்பு பி.எச். 5.2 பக்கம் வந்தால்தான் வெந்நீரில் இழுபடும். இப்போது மீட்டர் இருக்கிறது. பெரியவர் காலத்தில் நெல்லிக்காயளவு கிள்ளி, எண்பது டிகிரி வெந்நீரில் போட்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பதுதான். அறுந்தால் காத்திரு. பளபளவென்று நூலாக நீண்டால் உடனே வேலையில் இறங்கு. தாமதித்தால் குழைந்துவிடும். கற்க வந்த ஒரு பெண் கை சுடுகிறதே என்று தண்ணீரின் சூட்டைக் குறைத்துக்கொண்டாள். உருண்டை மேலெல்லாம் சொரசொரவென்று வந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு சட்டி குளிர்ந்த தண்ணீரை வைத்தார். அதில் கையை முக்கிவிட்டு வெந்நீரில் விடு, மறுபடி முக்கு. அவ்வளவுதான் வித்தை. கையுறை வந்த பிறகும் நான் அப்படியே செய்கிறேன்.

இந்தப் பச்சை உருண்டையை வாங்கிப்போய்ப் பீட்சாவில் போட்டுவிட்டு, "தண்ணி விடுது" என்று குறை சொல்வார்கள். விடத்தான் செய்யும். பீட்சாவுக்கு ஈரம் குறைந்த வகை தனியாக இருக்கிறது. பச்சை மொஸரெல்லாவைச் செய்த அன்றே, கையால் பிய்த்து, தக்காளி, கொஞ்சம் உப்போடு சாப்பிட வேண்டும். இத்தாலியில் காம்பானியா பக்கத்து ஆட்கள் எருமைப்பாலில் செய்த உருண்டையை அதன் தண்ணீரிலேயே வெளியே வைத்துத் தின்கிறார்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் அந்தப் பால்மணம் போய்விடும்.

எல்லாச் சீஸும் சூட்டில் உருக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எலுமிச்சை பிழிந்து திரித்த பன்னீர் உருகாது. அமிலத்தில் அதன் சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய், புரதம் இறுகிவிட்டது. சைப்ரஸ் தீவின் ஹலூமியை வேயிலேயே வேகவைத்துப் புதினாவோடு மடித்து வைப்பார்கள். அதுவும் தோசைக்கல்லில் சிவக்குமே தவிர ஓடாது. கோடையில் தர்பூசணித் துண்டோடு அதைச் சாப்பிடுவது அவர்கள் பழக்கம். நம் ஊர் வெயிலுக்கும் பொருந்தும். உருகுவதற்கென்றே பிறந்தவை சுவிட்சர்லாந்து மலைச் சீஸ்கள். ஃப்ரிபூர் பக்கத்தில் க்ரூயேர் பாதி, வாஷரான் பாதி போட்டு உருக்கி, நீளக் கம்பியில் ரொட்டியைக் குத்தித் தோய்த்துத் தின்கிற ஃபான்டூ. சட்டி காலியாகும்போது அடியில் ஒரு பொருக்கு நிற்கும். பால்கோவாச் சட்டியைச் சுரண்ட நம் வீட்டுப் பிள்ளைகள் சண்டை போடுவதுபோல அங்கே பெரியவர்களே போட்டி போடுவார்கள்.

பழத்தோடு சீஸ் என்றால் இங்கே பலர் சிரிக்கிறார்கள். பிரேசிலில் வெள்ளைச் சீஸையும் கொய்யாப்பழக் கட்டியையும் சேர்த்துத் தின்கிறார்கள். அந்த ஜோடிக்கு ரோமியோ ஜூலியட் என்று பெயர். எங்களுக்குக் கீழே ஆயக்குடியில் கொய்யா கொட்டிக் கிடக்கிறது. கனிந்த பழத்தைக் கீற்றாக அரிந்து, பக்கத்தில் உப்புக் கூடிய ஃபெட்டாவை உதிர்த்து வைத்துப் பாருங்கள். ஃபெட்டா என்ற பெயர் கிரேக்கர்களின் செம்மறிப்பால் சீஸுக்கே உரியது. நாங்கள் பசும்பாலில் அதே முறையில் செய்கிறோம், கேட்டால் சொல்லிவிடுவோம். உப்பு கரிக்கிறது என்பவர்கள் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பெரியவருக்குப் பிடித்தது மலைவாழைப்பழமும் பழைய செடாரும். ராத்திரிச் சாப்பாடே பல நாள் அதுதான்.

"இது சைவமா?" என்பது கடையில் தினமும் வருகிற கேள்வி. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னட்டால் பாலை உறையவைப்பது பழைய வழி. நாங்கள் பூஞ்சையிலிருந்து எடுக்கிறதைப் போடுகிறோம், ஆக சைவம்தான். அதிலும் ஒரு பிடி இருக்கிறது. சீக்கிரம் உறையட்டும் என்று ஒரு மூடி கூட ஊற்றினால் இளசில் தெரியாது, ஆறேழு மாதம் போனதும் நாக்கின் அடியில் கசக்கும். பலகையில் வாங்குகிறவரின் முகம் எப்போது சுளிக்கிறது என்று பார்க்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

வெட்டுவதிலும் நியாயம் வேண்டும். சக்கரத்தை ஆப்பாகத்தான் வெட்ட வேண்டும். நடுவும் ஓரமும் ஒரே ருசியில்லை, இரண்டும் எல்லாருக்கும் போக வேண்டும். கூர்முனையை மட்டும் நறுக்கி வாயில் போட்டுக்கொள்கிற விருந்தாளியைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். வெட்டிய முகத்தை வெண்ணெய்த்தாளில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக்கில் இறுக்கினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கெட்டிச் சீஸில் பூஞ்சை கண்டால் ஓர் அங்குலம் தள்ளி வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். மென்மையான சீஸ் என்றால் முழுதும் குப்பைக்கு.

தோலை எறியாதீர்கள். நாற்பது கிலோச் சக்கரத்தைப் பன்னிரண்டு மாதமாவது காத்திருந்து விற்கிற பார்மேசான்காரர்கள் தங்கள் ஊர்ச் சூப்பில் தோலைப் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் பருப்பு வேகும்போது கெட்டிச் சீஸின் ஓரத்துண்டு ஒன்று விழும், புளி ஊற்றுமுன் எடுத்துவிடுவோம். சிவப்பு மெழுகு பூசிய கௌடா ஓரத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். போன மழையில் வந்த பையன் ஒருவன் போட்டான். அந்தக் குக்கரைத் தேய்த்து முடிக்கும்வரை அவன் தொட்டிப் பக்கமே வரவில்லை.